மாஸ்கோவை வலம் வந்த அன்னக்கொடி

"இது என்ன புள்ள வட்டம்? அப்பளமா?" என்று அன்னக்கொடி அக்கா கேட்டார்.

"இல்லை அம்மையே. இது மாஸ்கோவில் நிலத்துக்கு அடியில் ஓடும் தொடர்வண்டியின் பாதை" என்றாள் லூபா. எங்களுக்குத் துணையாக வந்த ரஷ்யப் பெண் அவள். புத்தகத்தில் தமிழ் படித்தவள்.

"அம்மையேங்காதன்னு சொன்னேன்ல. அக்கான்னு கூப்பிடு."

"நல்லது, அக்கா. இவ்வண்டி லெனின்கிராட் நிலையத்தில் நிற்கும். இங்கே." வட்டத்தின் மேலே வலது ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். "மின்ஸ்க் செல்லும் வண்டி பெலாரஸ் நிலையத்திலிருந்து புறப்படும். இங்கே." மேலே இடது ஓரத்தில் இன்னொரு புள்ளி. "பெரிய நிலையங்கள் பலவும் இவ்வட்டத்தின் மேல் உள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நிலத்தடி வண்டியில் செல்லலாம்."

"ஒரு ஊருக்கு எதுக்கு இம்புட்டு ஸ்டேஷன்? மதுரைக்கு ஒண்ணுதானே இருக்கு?"

"கூடல்நகரை விட்டுட்டியே தங்கச்சி" என்றார் எதிர் இருக்கையில் இருந்த கண்ணுச்சாமி அண்ணன், கண்ணாடித் தம்ளரில் தேநீரை ஆற்றிக்கொண்டே. எங்கள் மில் தொழிற்சங்கத்தின் செயலாளர் அவர்.

"நீங்க சும்மா இருங்கண்ணே. ஏ லூபா, வட்டத்துக்கு நடுவுல என்ன இருக்கு?"

"கிரெம்ளின். பழைய கோட்டை."

"அப்படிச் சொல்லு! நடுவுல கோயிலு, சுத்தி மாசி வீதி. நம்ம ஊரு மாதிரிதேன் கட்டியிருக்காக. சரி, நாம எந்தப் பக்கமாப் போவோம்?"

லூபா பென்சிலை வலது புள்ளியிலிருந்து உச்சி வழியாக இடது புள்ளிக்கு இழுத்தாள். "மூன்றே நிலையங்கள். மறுபக்கம் சென்றால் ஊரையே சுற்ற வேண்டும்."

அக்கா அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து ஒருமுறை மெதுவாக நகர்த்திப் பார்த்தார். பிறகு "ம்" என்றார். தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அந்த "ம்" சம்மதம் இல்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

1981 புரட்டாசி மாதம் அது. எங்கள் மில் சங்கத்திலிருந்து மூன்று பேர் சோவியத் நாட்டுக்குப் போயிருந்தோம். எங்கள் குழுவுக்குக் கண்ணுச்சாமி அண்ணன் தலைவர். நான் சங்க அலுவலகத்தில் தட்டச்சு செய்பவள். ஆங்கிலத் தாள்களைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார்கள். அன்னக்கொடி அக்காவை யாரும் சேர்க்கவில்லை. அவராகவே சேர்ந்துகொண்டார்.

உசிலம்பட்டிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி மதுரைக் காளவாசலுக்கு வந்தவர். புருஷன் காளை அங்கே டீக்கடை வைத்திருந்தார். அக்கா மில்லில் நூல் சுற்றும் பிரிவில் வேலை. அந்த இரைச்சலில் மற்றவர்கள் சைகையில் பேசுவார்கள். அக்கா மட்டும் வாயாலேயே பேசுவார்; கேட்கவும் கேட்கும்.

1979இல் சோவியத் நாட்டு நெசவாலைப் பெண்கள் எங்கள் மில்லைப் பார்க்க வந்தார்கள். அன்று சாயங்காலம் அக்காவின் மகள் சீனியம்மாளுக்குக் காதுகுத்து. வந்தவர்களில் கலினா என்ற பெண், அக்காவின் மெஷின் அருகே ரொம்ப நேரம் நின்றாள். அக்கா தன் காது மடலைக் கிள்ளிக் காட்டினார். கையை வாய்க்குக் கொண்டுபோய்ச் சாப்பாடு என்று காட்டினார். வாசல் பக்கம் கையை நீட்டினார். கலினா வந்துவிட்டாள். பந்தியில் உட்கார்ந்து கிடாக்கறிக் குழம்பைத் தின்று, கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய, இன்னும் கேட்டு வாங்கித் தின்றாள். சொந்தக்காரர்கள் வரிசையில் வந்து செய்முறையாகப் பணமும் பொருளும் வைப்பதைப் பார்த்தாள். தானும் எழுந்து போய், பையிலிருந்து ஒரு மரப்பொம்மையை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தாள். பொம்மைக்குள் பொம்மை இருக்கும் பொம்மை. யார் என்ன செய்தார்கள் என்று மைக்கில் அறிவித்துக்கொண்டிருந்தவர் கொஞ்சமும் தயங்கவில்லை: "சோவியத் நாட்டுக் கலினா, மரப்பொம்மை ஒண்ணே!"

செய்முறை வாங்கினால் திருப்பிச் செய்ய வேண்டும். செய்தவர் வீட்டு விசேஷத்தில் போய் நிற்க வேண்டும். போகாமல் விட்டால் எங்கள் பக்கத்தில் உறவு அத்தோடு சரி. இரண்டு வருஷம் கழித்து கலினாவுக்கு மின்ஸ்க் நகரத்தில் கல்யாணம் என்று செய்தி வந்தது. அக்கா சங்க அலுவலகத்துக்கு நேரே வந்தார்.

"மாஸ்கோவுக்கு ஆள் அனுப்புறீகளாமே அண்ணே? எனக்கு அங்கிட்டு ஒரு செய்முறை கிடக்கு."

கண்ணுச்சாமி அண்ணன் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. சிரித்து முடித்தபோது அக்காவின் பெயரை எழுதியாகிவிட்டது.

அப்படித்தான் அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட சுங்குடிச் சேலை ஒன்று, மஞ்சள் கிழங்கும் குங்குமமும் வைத்து, ஒரு மஞ்சள் பையில் லெனின்கிராட் வரைக்கும் வந்திருந்தது. மறுநாள் காலையில் கல்யாணம். லெனின்கிராட்டிலிருந்து எங்கள் ரயில் தாமதமாகத்தான் மாஸ்கோ வந்து சேர்ந்தது. மின்ஸ்க் ரயிலை விட்டால் தாலி கட்டும் நேரத்துக்கு, அதாவது அவர்கள் மோதிரம் மாற்றும் நேரத்துக்கு, போய்ச் சேர வேறு வழி இல்லை.

ஓட்டமும் நடையுமாக நிலத்தடி நிலையத்துக்குள் இறங்கினோம். தானாக ஓடும் படிக்கட்டில் நான் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அக்கா அதில் திரும்பி நின்றுகொண்டு, மேலே வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்தபடி இறங்கினார். கீழே தூண்களும் சரவிளக்குகளும் மஞ்சள் கூரையும். "நாயக்கர் மகாலைத் தூக்கிட்டு வந்து பள்ளத்துல வச்சிட்டாக" என்றார்.

வண்டி வந்தது. லூபா ஏறினாள். கண்ணுச்சாமி அண்ணன் பெட்டிகளோடு ஏறினார். அக்கா நின்ற இடத்தில் நின்றார். என் மணிக்கட்டு அவர் பிடியில் இருந்தது.

"அக்கா, ஏறுங்க!"

"இது எதிர்ச்சுத்து தாயி."

"என்னக்கா?"

"செய்முறைச் சேலையைக் கையில வச்சுக்கிட்டு எதிர்ச்சுத்துல போவாகளா? தேரு என்னைக்காச்சும் வடக்கு மாசி வீதியில மேக்க பாத்துப் போயிருக்கா?"

கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் கண்ணுச்சாமி அண்ணனின் வாய் வேகவேகமாக அசைந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. கேட்காததும் நல்லதுதான்.

"அக்கா, டிக்கெட்டு லூபா பையில இருக்கு. பாஸ்போர்ட்டும்."

"இருக்கட்டும். நாம எங்க போகணும்? பெலாரஸ் ஸ்டேஷனு. வாரேன்னு நெனச்சா வந்து சேர வேண்டியதுதேன். இந்தா, நம்ம வண்டி."

எதிர்ப்பக்கம் வந்த வண்டியில் என்னை இழுத்துக்கொண்டு ஏறினார்.

நிலையப் பெயர்களை எழுதியிருந்த ரஷ்ய எழுத்து எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அக்கா இடுப்பிலிருந்து தாளை எடுத்தார். லூபா வட்டத்தின் மேல் எல்லா நிலையங்களுக்கும் சின்னக் குறுக்குக்கோடு போட்டிருந்தாள். வண்டி நிற்கும்போதெல்லாம் அக்கா கட்டைவிரல் நகத்தை ஒரு கோடு தள்ளி வைத்தார். நான் கதவையும் அவர் நகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? பேசு தாயி, பயம் போயிரும்."

பக்கத்தில் வலைப்பையில் முட்டைக்கோசு வைத்திருந்த ஒரு அம்மாள் பேசினார். மஞ்சள் பையைக் காட்டி ஏதோ கேட்டார். அக்கா சேலையை வெளியே எடுத்து மடியில் வைத்தார். அந்த அம்மாளின் விரலில் இருந்த மோதிரத்தைத் தொட்டுக் காட்டினார், சேலையைக் காட்டினார், "கலினா, மின்ஸ்க்" என்றார். அவ்வளவுதான். அந்த அம்மாள் பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி விஷயத்தை அறிவித்துவிட்டார். பெண்கள் எழுந்து வந்து துணியைத் தடவிப் பார்த்தார்கள். ஒருவர் தன் கையிலிருந்த பூங்கொத்திலிருந்து ஒரு பூவை உருவி அக்காவின் பையில் வைத்தார். எனக்கு ஒரு ஆப்பிள் கிடைத்தது. நிலையங்கள் வந்து போயின. அக்காவின் நகம் கீழே போய், மேற்கே திரும்பி, மேலே ஏறியது.

"வந்துருச்சு" என்றார்.

முட்டைக்கோசு அம்மாளும் எங்களோடு இறங்கினார். அது அவர் இறங்க வேண்டிய இடமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்களை மேலே கூட்டிப் போய், மின்ஸ்க் ரயில் நிற்கும் பிளாட்பாரத்தில் விட்டுவிட்டு, அக்காவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துப் போனார்.

ரயில் புறப்படத் தயாராக இருந்தது. ஒவ்வொரு பெட்டி வாசலிலும் சீருடைப் பெண் ஒருத்தி டிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தாள். லூபாவைக் காணவில்லை, அண்ணனைக் காணவில்லை. எங்கு பார்த்தாலும் கோட்டும் தொப்பியும். அந்தக் கூட்டத்தில் குள்ளமான எங்கள் இருவரையும் யார் கண்டுபிடிப்பது? அக்காவின் முகம் முதல்முறையாக வாடியது. பையைத் திறந்து சேலையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"முந்தியைப் பிடி தாயி."

"இங்கயாக்கா?"

"வைகை மணல்ல சேலை காய வைக்கிறதப் பாத்ததில்லையா? அந்தத் தலப்பப் பிடிச்சுக்கிட்டு அங்கிட்டுப் போ. உசத்திப் பிடி. கைய இறக்காத!"

பிரித்தோம். பிளாட்பாரத்தில் அடித்த காற்று சேலைக்குள் புகுந்து அதைத் தலைக்கு மேல் தூக்கியது. பழுப்பும் கறுப்புமான அந்தக் கூட்டத்தின் மேல் அரக்குச் சிவப்பு, கப்பல் பாய் மாதிரி உப்பி நின்றது. போகிறவர்கள் நின்றார்கள். யாரோ கைதட்டினார்கள். ஒரு போலீஸ்காரர் எங்களை நோக்கி வர ஆரம்பித்தார்.

"தாங்கள் இங்கேயா இருக்கிறீர்கள்!"

லூபா தொப்பி விழுந்ததுகூடத் தெரியாமல் ஓடிவந்தாள். பின்னால் இரண்டு கையிலும் பெட்டியோடு கண்ணுச்சாமி அண்ணன்.

"ஏ ஆத்தா! மாஸ்கோவுல வந்து துணி காயப்போட்ட ஒரே பொம்பள நீதேன்!"

"ஈரமே இல்லண்ணே, சும்மாதேன் பிடிச்சோம்."

ஏறி உட்காரவும் ரயில் நகரவும் சரியாக இருந்தது. அடுத்த நிலையத்தில் இறங்கி, திரும்பிப் போய், எங்களைத் தேடி, மறுபடி வந்த கதையை அண்ணன் மூச்சு வாங்கச் சொன்னார்.

"மூணே ஸ்டேஷன்! மூணு! கூட வந்திருந்தா என்ன கெட்டுப் போயிருக்கும்?"

"நீங்க எதிர்ச்சுத்துல போனீக, நான் வலமா வந்தேன். முதல்ல வந்து சேந்தது யாரு? சொல்லுங்கண்ணே."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். லூபா சிரித்த சிரிப்பில் ஒரு பழந்தமிழ்ச் சொல்லும் இல்லை.

மறுநாள் கலினா வெள்ளை கவுனில் வாசலுக்கு வந்தவள், அக்காவைப் பார்த்ததும் மாப்பிள்ளையை விட்டுவிட்டு ஓடிவந்தாள். அக்கா அந்த கவுனின் மேலேயே சேலையைச் சுற்றிக் கட்டிவிட்டு, நெற்றியில் குங்குமம் வைத்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மைக்கு இல்லையா?"

கண்ணுச்சாமி அண்ணனுக்கு அதற்குள் கோபம் போயிருந்தது. விருந்துக் கூடத்தின் நடுவில் நாற்காலி மேல் ஏறி, இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினார்: "மதுரை காளவாசல் அன்னக்கொடி, சுங்குடிச் சேலை ஒண்ணே!" லூபா அதை ரஷ்ய மொழியில் சொன்னாள். கூடம் அதிர்ந்தது.

ஊருக்குத் திரும்பிய பின் அண்ணன் இந்தக் கதையை மில் கேட்டில் ஷிஃப்டுக்கு ஷிஃப்டு சொன்னார். ஒவ்வொரு தடவையும் "அன்னக்கொடி வழி தப்பிப் போயிருச்சப்பா" என்றுதான் ஆரம்பிப்பார். சங்கத்தின் பொங்கல் மலருக்கு என்னை எழுதச் சொல்லியிருந்தார்கள். அது தெரிந்து, ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அக்கா தலையெல்லாம் பஞ்சோடு வந்து என் மேஜை அருகே நின்றார். எந்த இரைச்சலையும் மீறிப் பேசுகிறவர், அன்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்ன வேணாலும் எழுது தாயி. படிக்கட்டுல திரும்பி நின்னத எழுது, சேலையப் பிடிச்சத எழுது. வழி தப்பிப் போனேன்னு மட்டும் எழுதிராத. வலம் வந்து சேந்தேன்னு எழுது."