மூன்று காலி இருக்கைகள்

அப்பா, அம்மா, தங்கை, நான் என நாலு பேர் வந்திருக்கிறோம். அண்ணன் வரவில்லை, அவன் வேலை செய்யும் கணபதிப் பட்டறையில் லீவு கிடைக்கவில்லை. ஆனைமலையில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு அணைக்கு வந்து, ஏழு பேர் உட்காரும் மோட்டார் படகில் முன்வரிசையைப் பிடித்திருக்கிறோம்.

மீதி மூன்று இடத்துக்கு வந்து நிற்பவர்கள் எங்கள் ஊர்த் தோட்டத்துக்காரரும் அவர் மனைவியும் மகனும். அப்பா கூலிக்குப் போவது அவர் தோட்டத்துக்குத்தான்.

“ராமா, நீங்கெல்லாம் எறங்கி அடுத்த போட்டுல வாங்க. நாங்க போயிட்டு வந்தர்றோம்.”

அப்பா எழுந்துவிடுகிறார். அவரைப் பார்த்ததும் எழுந்து பழகிய உடம்பு. அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள்.

“உக்காருங்க. நாமதான மொதல்ல வந்தமுங்க.” பிறகு அவரிடம் திரும்புகிறாள். “எடம் இருக்குதுங்க. ஏறுனா ஏறுங்க. இல்லீனா அடுத்த போட்டுல வாங்க.”

அவர் முகம் கறுக்கிறது. “நாளையிலிருந்து தோட்டத்துப் பக்கம் வந்தராதடா,” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் குடும்பத்தோடு கரையேறிப் போகிறார்.

படகுக்காரர் தயங்குகிறார். “மூணு சீட்டு காலியா எடுக்க முடியாதுங்க. வேற ஆளும் இல்லீங்க.”

அப்பா சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுக்கிறார். “அந்த மூணுக்கும் நாங்களே குடுத்தர்றமுங்க. நீங்க எடுங்க.”

மோட்டார் உறுமுகிறது. தங்கை தண்ணீரில் கைவிட்டுச் சிரிக்கிறாள். அப்பா காலை நீட்டி உட்கார்ந்துகொள்கிறார்.

எங்கள் செலவு: ஏழு டிக்கெட்டுக்கு முப்பத்தைந்து ரூபாய், அப்பாவுக்கு இனி வராத வாரக் கூலி இருநூறு ரூபாய்.