மரத்துப்போன விரலும் ஐந்து கிட்டாரும்

தேவிப்ரியாவிடம் ஐந்து கிட்டார்கள் இருந்தன. நான்கு, தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பேஸ் கிட்டார்; ஒன்று சாதாரணக் கிட்டார். எல்லாமே அவள் கணவன் காளியப்பன் வாங்கி வந்தவை. அவன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் டிரில்லர். போர் போடப் போகும் வடக்கத்தி ஊர்களில் பழைய சாமான் கடையைக் கண்டால் நுழைந்துவிடுவான். முதல் தடவை ராய்ப்பூரிலிருந்து ஆறு கம்பி உள்ளதைத் தூக்கி வந்தான். தான் வாசிக்கும் பேஸுக்கு நாலுதான் என்று அவள் சிரித்தாள். அதன்பிறகு கடையில் நின்றபடியே போன் போட்டுக் கம்பியை எண்ணிச் சொல்லுவான்.

பதினாறு வருடமாக மணிமாறனின் இசைக்குழுவில் அவள்தான் பேஸ். ஆனி மாதக் கடைசியில் ஒருநாள் காலை எழுந்தபோது இடது கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துக் கிடந்தன. உதறினாள், சரியானது. மறுநாளும் அப்படியே. ஒத்திகையில், ஆள்காட்டி விரல் கம்பியை அழுத்தியதா இல்லையா என்றே தெரியவில்லை. சத்தம் பொத்தென்று அமுங்கியது. கீபோர்டிலிருந்து மணிமாறன் திரும்பிப் பார்த்தான்.

"கம்பி பழசாயிருச்சுங்ண்ணா," என்றாள்.

புதுக் கம்பி மாற்றியும் தீரவில்லை. நாக்பூர் சிவப்புக் கிட்டார் கனம், அதுதான் தோளை அழுத்துகிறது என்று நினைத்து அதை வைத்துவிட்டுக் கறுப்பை எடுத்தாள். அதன் கழுத்து தடிமன் என்று அதையும் வைத்தாள். கழுத்தில் ஃபிரெட் என்னும் குறுக்குப் பட்டிகள் இல்லாததில் விரல் எங்கே நிற்கிறது என்பதே பிடிபடவில்லை. கடைசியாக, எல்லாவற்றிலும் சின்னதான பெல்லாரிக் கிட்டார். பத்து நிமிடம் நன்றாகப் போனது. அப்புறம் விரல் நுனிகளில் எறும்பு ஊர்ந்தது. குறை கிட்டாரில் இல்லை.

சர்க்கரையா, வாதமா? போனில் தேடத் தேடப் பயம்தான் கூடியது. பனமரத்துப்பட்டி கோயில் பண்டிகைக் கச்சேரிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அன்று பிலாஸ்பூரிலிருந்து காளியப்பன் கூப்பிட்டான். "ஏம்புள்ள, நாலு கம்பிதான், எண்ணிட்டேன். வாங்கட்டுமா?"

"வேண்டாமுங்க."

"வெலையே கேக்கல நீ?"

"எங் கை மரத்துப் போகுதுங்க. இனி வாசிக்க முடியுமான்னே தெரியல."

"எத்தன நாளா?"

"இருவது நாளாச்சுங்க."

"என்ர கிட்டச் சொல்லாம என்ன பண்ணிட்டிருந்த?"

"ஒவ்வொரு கிட்டாரா எடுத்துப் பாத்துட்டிருந்தேன்."

அவன் திட்டவில்லை. "நாளைக்கே டாக்டரப் பாரு, சாமி," என்றான்.

நாமக்கல் டாக்டர் மணிக்கட்டில் நரம்பு அழுந்தியிருக்கிறது என்றார். தூங்கும்போது பட்டை கட்ட வேண்டும், ஆறு வாரம் வாசிக்கக் கூடாது, சரியாகாவிட்டால் சின்ன ஆபரேஷன்.

"திரும்ப வாசிக்கலாமுங்களா?"

"பெரும்பாலும் வாசிக்கலாம்மா."

அந்தப் 'பெரும்பாலும்' வீடு வந்து சேரும் வரை பஸ்ஸில் அவள் கூடவே வந்தது.

மணிமாறனிடம் சொன்னபோது, "எனக்கு அப்பவே தெரியும். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்," என்றான். பண்டிகையில் பேஸையும் அவனே கீபோர்டில் வாசித்தான். அவள் கீழே நாற்காலியில் உட்கார்ந்து, அவன் கையில் பேஸ் விட்டுப்போன இடங்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஐப்பசியில் மேடை ஏறினாள். பெல்லாரிக் கிட்டாரில் இரண்டு பாட்டு மட்டும். நடுவிரல் நுனி இன்னும் மந்தம்தான். ஆபரேஷன் வேண்டுமா என்று தை மாதம் பார்த்துச் சொல்வதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள்.