மார்யெத்தா அத்தையின் கடைசிப் பெட்டி

மார்ச் மாதத்தில் முதல் வெயில் அடிக்கும் நாளில் எங்கள் ஊரில் யாரும் வெள்ளைத் துணி காயப்போட மாட்டார்கள். குளிர்காலம் முழுக்கப் பெட்டிக்குள் அடக்கிக்கொண்டிருந்த தேனீக்கள் அன்றைக்குத்தான் வெளியே வந்து வயிற்றைக் காலி செய்யும். கொடியில் எது தொங்கினாலும் மஞ்சள் புள்ளி விழும், துவைத்தாலும் போகாது. மார்யெத்தா அத்தை மட்டும் அன்றைக்கென்றே ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை எடுத்துக் கட்டுவார். விழுந்த புள்ளிகளைப் பார்த்துத் தன் தேனீக்களின் பலத்தைக் கணக்குப் போடுவார். தேனீக்கு வேலி தெரியாது என்றாலும் அவர் கணக்கு அப்படித்தான்.

இந்த வருடம் விரிப்பு ஏறக்குறையச் சுத்தமாகவே இருந்தது. அடுத்த முற்றத்தில் அவருடைய தம்பி மனைவி ஸ்லாவ்கா மறதியாகக் கொடியிலேயே விட்டிருந்த மேசைத்துணியில் கை வைக்க இடமில்லாமல் மஞ்சள். ஸ்லாவ்கா தலையில் அடித்துக்கொண்டார். அத்தை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அந்த மேசைத்துணியை வெகுநேரம் பார்த்தார். பிறகு எங்கள் சமையலறைக்கு வந்து உட்கார்ந்து, அம்மா ஊற்றிய காப்பியைத் தொடாமல் சொன்னார்:

“அதோட அருமை அவளுக்குத் தெரியுதா பாரு. அழுக்குன்னு திட்டறா.”

அத்தை எங்களுக்கு உறவில்லை, பக்கத்து வீட்டுக்காரர்; பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் அவர் கையால் இரண்டாம் கரண்டி சூப் வாங்கிச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான். யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் இவருடைய வாதுமைக் கொட்டை ரொட்டிச் சுருள் முதலில் போய்ச் சேரும். ஊரில் யார் மீதும் அவருக்குப் பொறாமை கிடையாது, தம்பி தினே மாமாவைத் தவிர.

அது சின்ன வயதிலேயே தொடங்கியது என்று அம்மா சொல்வாள். தினே மாமாவுக்கு ஒரு முறை தட்டம்மை கண்டு வீடே அவர் கட்டிலைச் சுற்றி நின்றபோது, அத்தை பீட்ரூட்டை நறுக்கி முகத்தில் தேய்த்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் படுத்தாராம். “மார்யெத்தாவுக்குத் தானாப் பசிக்காது. தினே சாப்பிடறதப் பாத்தாத்தான் பசிக்கும்,” என்பாள் அம்மா. அத்தை இருக்கும்போதே சொல்வாள். அத்தையும் மறுக்க மாட்டார்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே அவர்களுடைய அப்பா கட்டிய தேனீ வீடு நிற்கிறது. மரத்தால் ஆன சின்ன அறை. அதன் தெற்குச் சுவர் முழுக்க, மேசை இழுப்பறைகளை அடுக்கியதுபோல இரண்டு வரிசையில் பதினாறு பெட்டிகள். தேனீக்கள் முன்பக்கம் போய்வரும்; மனிதர்கள் அறைக்குள் நின்று பின்கதவைத் திறந்து பார்ப்பார்கள். ஒவ்வொரு பெட்டியின் முன்நெற்றியிலும் ஒரு படப் பலகை உண்டு. வேட்டைக்காரன், ஆடு, தேவதூதர் என்று ஒவ்வொன்றும் வேறு படம், வேறு நிறம். தேனீ தன் வீட்டை அதை வைத்துத்தான் அடையாளம் காணும்.

அப்பா இறக்கும்போது இடது எட்டு மகளுக்கு, வலது எட்டு மகனுக்கு என்று பிரித்தார். ஒரு நிபந்தனையும் வைத்தார். வெறும் பெட்டி இருக்கக் கூடாது. மார்ச் பத்தொன்பதில் வரும் யோசேப்பு திருநாளன்று இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும்; ஒருவர் பெட்டியில் தேனீ செத்திருந்தால் அந்த இடம், நிரப்பத் தேனீ வைத்திருக்கும் மற்றவருக்குப் போகும். அப்படித்தான் வருடாவருடம் அத்தையின் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. ஒரு வருடம் தம்பியின் தேனீக்கள் பிப்ரவரியிலேயே பறக்கின்றன என்று இவரும் தன் பெட்டிகளைத் திறந்து பார்க்க, உள்ளே தேனீக் குஞ்சுப் புழுக்கள் குளிரில் விறைத்தன. இன்னொரு வருடம் தம்பி சர்க்கரைப் பாகு வைக்கிறார் என்று இவரும் அளவில்லாமல் வைக்க, பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் வந்து கொள்ளையடித்துவிட்டுப் போயின. அதுவும் தம்பியின் தேனீக்கள். இந்த வசந்தத்தில் அத்தையிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பெட்டி. எல்லைக்கோட்டை ஒட்டிய கீழ்ப்பெட்டி. அதுவும் போனால் தேனீ வீட்டின் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட வேண்டியதுதான்.

முதல் வெயில் நாளுக்கு மறுநாள் அத்தை வசந்தப் பரிசோதனையைத் தொடங்கினார். பெட்டியின் மீது காதை வைத்து விரல் கணுவால் ஒரு தட்டு. உள்ளே ராணி நலமாக இருந்தால் கூட்டம் ‘உஸ்’ என்று ஒரு முறை சீறிவிட்டு அடங்கிவிடும். அத்தையின் பெட்டி சீறி அடங்கியது. ராணி இருக்கிறது. பிறகு அடியில் செருகியிருந்த தகட்டை இழுத்துப் பார்த்தார். கூட்டம் எத்தனை தேனடைகளில் உட்கார்ந்திருக்கிறதோ அத்தனை கோடுகளாக மெழுகுத்தூள் விழுந்திருக்கும். அவர் தகட்டில் இரண்டே கோடு.

அதோடு பூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அப்போதைக்கு அந்தச் சின்னக் கூட்டத்துக்குத் தேவை கதகதப்பும் அமைதியும் மட்டும்தான். ஆனால் பக்கத்துப் பெட்டி தம்பியுடையது. முன்நெற்றியில் நீல வானமும் தேன் திருடும் கரடியும் போட்ட, போன வருடம் புதுச் சாயம் பூசிய பெட்டி. அத்தை அதன் தகட்டையும் இழுத்தார். ஏழு கோடு.

அன்று மாலை எங்கள் வீட்டுக்கு வந்தவர் கரடிப் பெட்டியைப் பற்றி மட்டுமே பேசினார். தன் பெட்டியில் நெருப்பணைக்கும் புனிதர் படம் வெளுத்துப்போய்விட்டதாம். தன் தேனீக்களே அந்த நீலத்தைப் பார்த்து மயங்கித் தம்பி வீட்டுக்குப் போய்விடுகின்றனவாம். அம்மா சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை.

தினே மாமா தச்சர். எல்லை தாண்டி ஆஸ்திரியாவில் வேலை. அந்த முறை வேலை நெருக்கடி, யோசேப்பு திருநாளுக்குத்தான் வருவேன் என்று சொல்லிப் போயிருந்தார். ஸ்லாவ்காவுக்குத் தேனீ என்றாலே பயம். முன்பக்கம் எட்டிப் பார்க்கவும் மாட்டார். வெயில் இறங்கித் தேனீக்கள் அடங்கியதும் அத்தை திருப்புளியை எடுத்துக்கொண்டு போய் இரண்டு பலகைகளையும் கழற்றினார். கரடியைத் தன் பெட்டியில் மாட்டினார். வெளுத்த புனிதரைத் தம்பி பெட்டியில் மாட்டினார்.

மறுநாள் எங்கள் சன்னலிலிருந்தே தெரிந்தது. வில்லோ மரத்துக்குப் போன தினே மாமாவின் தேனீக்கள் காலில் மஞ்சள் மகரந்த உருண்டையோடு திரும்பி வந்து, வாசலுக்கு முன் ஒரு கணம் ஆடின. பிறகு கரடியைப் பார்த்து அத்தையின் பெட்டிக்குள் நுழைந்தன. மகரந்தத்தோடு வரும் தேனீயை எந்தக் காவலும் தடுக்காது. அன்றும் அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே. படம் இடம் மாறியிருக்கிறதே என்று அம்மா கேட்டதற்கு, சாயத்தில் வெயில் படட்டும் என்று மாட்டினேன் என்றார் அத்தை. அப்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அம்மா மேலே கேட்கவில்லை. அத்தை அம்மாவின் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிப்போய்ப் பின்கதவைத் திறந்து காட்டினார். கதவுக்கு உள்ளே இருந்த கம்பி வலை வரைக்கும் தேனீ அப்பிக்கொண்டிருந்தது. தம்பியின் பெட்டியைத் திறந்து அதன் மெலிவையும் காட்டினார். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கச் சொன்னார்.

ஒரு மத்தியானம் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். மேசையருகே நின்று மூடியிருந்த உள்ளங்கையைத் திறந்தார். நீண்ட உடலோடு ஒரு தேனீ. இறக்கை கசங்கியிருந்தது.

“என் ராணி,” என்றார். “வாசல்ல இழுத்துட்டு வந்து போட்டிருந்துதுங்க.”

வந்து சேர்ந்த கூட்டம் பெரிது. வீட்டுக்காரக் கூட்டம் சின்னது. வந்தவற்றுக்கு இந்த ராணியின் மணம் அந்நியம். உருண்டையாகச் சூழ்ந்து அழுத்திக் கொன்றுவிட்டன. மார்ச்சில் ராணியோடு இணைய ஆண் தேனீ கிடையாது. புது ராணி பிறந்தாலும் பலன் இல்லை. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அத்தை உட்காரவில்லை.

“பலகையத் திருப்பி மாட்டிடேன். அவன் வர்றதுக்குள்ள,” என்றாள் அம்மா.

“மாட்டினா இதுங்களும் போயிடும். அப்புறம் என் பொட்டியில என்ன இருக்கும்?”

யோசேப்பு திருநாள் காலையில் தினே மாமா கையில் காப்பிக் கோப்பையோடு தேனீ வீட்டுக்கு நடந்தார். முன்பக்கமாகத்தான் வந்தார். கரடியின் முன்னால் நின்றார். புனிதரின் முன்னால் நின்றார். கோப்பையை வேலிக் கட்டையின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனார். வழக்கம்போல் சாட்சிக்கு அம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் கூடப் போனேன்.

தம்பியின் பெட்டிகள் ஒவ்வொன்றும் சீறி அடங்கின. புனிதர் படம் மாட்டியிருந்த பெட்டி மட்டும் மெல்லிசாகச் சீறியது, ஆனாலும் அடங்கியது. அத்தையின் பெட்டியை மாமா தட்டினார். உள்ளேயிருந்து ஒரு முனகல் கிளம்பியது. அடங்கவில்லை. தாயில்லாத வீட்டின் அழுகை மாதிரி நீண்டுகொண்டே போனது. காதை வைக்காத எங்களுக்கும் கேட்டது.

அத்தை முந்திக்கொண்டார். பெட்டி காலி இல்லை, அப்பா சொன்னது தேனீ இருக்க வேண்டும் என்றுதான், ராணியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று விடாமல் வாதாடினார். மாமா பின்கதவைத் திறந்து வெகுநேரம் பார்த்தார்.

“இதெல்லாம் என் தேனீ, அக்கா.”

“உன் தேனீயா? பேரு எழுதி வெச்சிருக்கியா?”

“ஏன் இப்படிப் பண்ணின?”

அத்தை திறந்திருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு, “சாவி போயிடும்னு பயம்னு சொன்னா நீ நம்புவ,” என்றார். “அது இல்லடா. உன்னோடது மட்டும் எப்பவும் மொய்ச்சுக்கிட்டு இருக்கு. என்னோடதும் ஒரு நாளாவது அப்படி மொய்க்கட்டும்னு இருந்துச்சு. பாத்தேன். ரொம்ப நல்லா இருந்துது.”

மாமா கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபம் இருந்தது, காது சிவந்திருந்தது. ஆனால் அவர் கைகள் அதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தன. பழைய செய்தித்தாள் ஒன்று கேட்டார். நான் ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். ராணியில்லாத கூட்டத்தையும் மெலிந்த கூட்டத்தையும் ஒன்றாக்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார், அக்காவைப் பார்க்காமல்.

“எந்தப் பொட்டியில?” என்று கேட்டார் அத்தை. அவர் குரல் அவ்வளவு சின்னதாக நான் கேட்டதில்லை.

“உன்னுதுலதான். கூட்டம் இங்க இருக்கு. இத்தனையையும் அள்ளிக்கிட்டுப் போறத விட ராணிய இந்தப் பக்கம் கொண்டுவர்றது சுலபம்.”

“அப்ப உன் பொட்டி காலியாயிடும்.”

“ஆமா.”

“வெறும் பொட்டி வைக்கக் கூடாது.”

“அப்ப நீயே எடுத்துக்க. கோடையில கூட்டம் பிரிஞ்சா அதுல போடு.”

அத்தையின் முகம் சிவந்தது. “குடுக்கற மாதிரி சொல்லாதடா,” என்றார்.

“சரி. நீ திருடிக்கிட்டேன்னே வெச்சுக்க.”

அதில் அத்தைக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைத்ததுபோல இருந்தது. புகை ஊதியை எடுத்துக்கொண்டு தம்பியின் பக்கத்தில் போய் நின்றார். அத்தையின் பெட்டியின் மேல்தட்டில் செய்தித்தாளை விரித்து, ஆணியால் சில துளை குத்தி, ராணியிருக்கும் அடைகளை அதன்மேல் இறக்கினார்கள். இரண்டு கூட்டமும் தாளைக் கடித்துக் கரைப்பதற்குள் ஒன்றின் மணம் மற்றொன்றுக்குப் பழகிவிடும். வேலை முடியும்வரை பிசகாமல் ஒருவர் கைக்கு இன்னொருவர் கை வழிவிட்டது.

சில நாள் கழித்துப் பெட்டி வாசலில் காகிதத் துணுக்குகள் விழத் தொடங்கின. பிறகு மகரந்தம் போன வேகத்தைப் பார்த்தாலே உள்ளே ராணி முட்டையிட்டுக் குவிக்கிறது என்று தெரிந்தது. அம்மா அத்தையைப் பாராட்டினாள். சாவி இவரிடமே இருக்கிறது, இனி ஒன்றல்ல, இரண்டு பெட்டி, வேறென்ன வேண்டும் என்றாள்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார் அத்தை. “ராணி அவனோடது. அதனாலதான் நல்லா இருக்கு.”

காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போனார். சன்னல் வழியாகப் பார்த்தேன். தன் பெட்டியின் எதிரே கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். தேனீக்கள் அவர் தோளை உரசிக்கொண்டு போய்வந்தன. கொஞ்ச நேரம் அதை மட்டுமே பார்த்தார். பிறகு மேல்வரிசையில் தம்பியின் பெட்டிகள் இரைய ஆரம்பித்தன. அத்தையின் தலை மெல்ல அந்தப் பக்கம் திரும்பியது.