மாடிக்குக் கடலை ஏற்றியவர்

போன வியாழக்கிழமை காலை, வாங்கிய பால் பாக்கெட்டைக் குழாயடியில் அலம்பிக்கொண்டிருந்தேன். காவலாளி ஏழுமலை வாசலில் வந்து நின்றார். தினமும் ஒரு மூட்டை வம்பு அவிழ்க்காமல் நகராதவர்; அன்று நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சார், மேல் ஊட்டு அண்ணன் பூட்டாரு சார். நாஷ்டா துன்ன உக்காந்தவரு, அப்டியே சாஞ்சுட்டாரு."

பாக்கெட் கையிலிருக்க, அப்படியே மாடிப்படி ஏறினேன்.

மயிலாப்பூரில், மாட வீதிகளுக்குச் சற்றுத் தள்ளி, லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம் எங்களுடையது. முதல் மாடியில் நான். என் தலைக்கு மேலே, இரண்டாம் மாடியில் எத்திராஜ் அவர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் இல்லாத வீட்டில் லிஃப்ட் மெக்கானிக்கா என்று அவரிடமே கேட்டிருக்கிறேன். "டாக்டருங்கல்லாம் ஆஸ்பத்திரிலயா குடியிருக்காங்க சாரே?" என்றார்.

அவர் குடிவந்து ஒரு வருடம் எங்களுக்குள் பேச்சே இல்லை. பேசாதவரைப் பற்றிப் பேசுவதுதான் எனக்கு வசதி. மேலே ஓயாமல் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டதால், திருட்டுத்தனமாகத் தண்ணீர் பாட்டில் கம்பெனி நடத்துகிறார் என்று கட்டடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறு மத்தியானம், என் வழுக்கையில் ஒரு சொட்டு விழுந்தது.

"ஏன்னா, மேலேந்து ஜலம் சொட்டறது. பாத்ரூம் ஜலமோ என்னமோ, தலைக்கு ஸ்நானம் பண்ணிட்டு வாங்கோ" என்றாள் என் மனைவி.

நான் ஆராய்ச்சி மனப்பான்மை உள்ளவன். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது. என் மனைவி அன்று என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதுவதற்கில்லை.

சண்டை போடத்தான் மேலே போனேன். கூடத்தில் ஒரு கட்டில். அதில் வலது கையும் காலும் அசையாமல், வாய் ஒரு பக்கம் கோணி, ஓர் அம்மாள். கண் எதிரே ஐந்தடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதற்குள் ஆரஞ்சும் நீலமுமாக ஏழு கடல் மீன்கள். தொட்டியின் கீழ்மூலையில் ஒட்டுப் பசை விட்டுப்போய்த் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. வீட்டிலிருந்த துண்டு, வேட்டி அத்தனையையும் தரையில் போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார் எத்திராஜ்.

"உங்க ஊட்டுக்கு எறங்கிடுச்சா சாரே? மன்னிச்சுக்கோ. கண்ணாலம் ஆன நாள்லேந்து சாயங்காலமானா நானும் கஸ்தூரியும் பட்டினப்பாக்கம் கடலாண்ட போய்க் குந்துவோம். இப்ப வாதம் வந்து வுழுந்துட்டா. இவள கீழ எறக்க முடியல. அதான் கடல மேல ஏத்திட்டேன்."

சண்டை போட வந்தவன் வாளி பிடித்தேன்.

அந்தத் தொட்டி இனித் தேறாது. மீன்களை மூடியில்லாத டிரம்மில் விட்டுக் காற்று மோட்டார் போட்டார். தொட்டிக்குள் கிடந்த கற்களைப் பழைய தண்ணீரோடு ஒரு டப்பில் வைத்தார். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கண்ணாடிப் பட்டறையில் புதுத் தொட்டிக்குச் சொன்னார். எதிரே இருந்த இடம் காலியானதிலிருந்து கஸ்தூரி அம்மாள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கஞ்சிக்கு வாய் திறக்கவில்லை. "மீனு திரும்பி வர்ற வரைக்கும் துன்ன மாட்டா சாரே" என்று சொல்லி, கஞ்சிக் கிண்ணத்தை மூடி வைத்தார் எத்திராஜ்.

மூன்றாம் நாள் தொட்டி தயார். டெம்போவில் ஏற்றிவரக் கிளம்பியவர் என்னைக் காவலுக்கு வைத்தார்.

"ரெண்டு மணி நேரம் குந்து சாரே. மோட்டார் நின்னுச்சுன்னா போன் போடு. வேற எதையும் தொடாத."

எனக்குத் தமிழ் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் எதையும் அலம்பாமல் வைக்கிற வழக்கம் இல்லை. பால் பாக்கெட்டை அலம்புவோம், வாழைப்பழத்தை அலம்புவோம், மழையில் நனைந்து வந்த குடையையும் அலம்புவோம். டப்பிலிருந்த கற்களோ பழுப்பும் பச்சையுமாகக் கொழகொழவென்று, மீன் மார்க்கெட் வாசனையோடு கிடந்தன. புதுவீட்டுக்கு யாராவது அழுக்குச் சாமானோடு போவார்களா? ஒவ்வொன்றாகக் குளியலறைக்கு எடுத்துப்போய், பிளீச்சிங் பவுடர் நெடியடிக்கும் கார்ப்பரேஷன் தண்ணீரில், தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன். கற்கள் விபூதிபோல வெளுத்தன.

கஸ்தூரி அம்மாள் இடது கையால் கட்டிலைத் தட்டி "ம்ம்... ம்ம்ம்..." என்றார். நன்றி சொல்கிறார் என்று நினைத்து, "இருக்கட்டும்மா, நமக்குள்ள என்ன!" என்று கையசைத்தேன்.

எத்திராஜ் வந்தார். கற்களைப் பார்த்தார். ஒன்றை எடுத்து முகர்ந்தார். மெல்ல டப்பிலேயே வைத்தார்.

"சாரே, அது அழுக்கு இல்ல. அதான் தொட்டியோட வயிறு. மீனு போடுற கழிசலயெல்லாம் செரிக்கிற கிருமி அதுலதான் இருந்துச்சு, பிளீச்சிங் தண்ணில செத்துப் பூடுச்சு. இப்ப மீனுங்க கழிசலே அதுங்களுக்கு வெஷம்."

டிரம்மில் மேலும் வைத்திருக்க முடியாது. வேறு வழியில்லாமல் மீன்களைப் புதுத் தொட்டியில் விட்டார். காலையும் மாலையும் உப்புக் கரைத்து, வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினார். நானும் சுமந்தேன். அப்படியும் ஒரு வாரத்தில் ஐந்து மீன்கள் செத்து மிதந்தன. ஒவ்வொன்றையும் கஸ்தூரி அம்மாள் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணுக்கு முன்னால் என்னால் நிற்க முடியவில்லை.

அப்போதுதான் எத்திராஜ் குறுக்கே வந்து நின்றார். "அவர ஏம்மே மொறைக்கிற? நான்தான் கழுவச் சொன்னேன். தெரியாம சொல்லிட்டேன்."

வாதம் வந்த நாளிலிருந்து ஒரு சொல் பேசாத அந்த அம்மாள், கோணிய வாயை இழுத்துப் பிடித்து, கணவரைப் பார்த்துச் சொன்னார்: "பே... மானி!"

எத்திராஜ் துள்ளினார். "பேமானின்னுட்டா சாரே! முழுசா சொல்லிட்டா!" பேமானி என்று திட்டு வாங்கியதற்கு ஒருவர் ஆனந்தக் கண்ணீர் விட்டதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன்.

படியில் வைத்துக் கேட்டேன், ஏன் இந்தப் பொய் என்று.

"நாளைக்கி எனக்கு ஒண்ணுன்னா மேல ஓடியாறதுக்கு நீதான் சாரே கீற. உம்மேல அவளுக்குக் கோவம் இருக்கக் கூடாது. எம்மேல இருந்தா இருக்கட்டும். என்ன வுட்டு எங்க பூடப் போறா?"

மிஞ்சிய இரண்டு ஆரஞ்சு மீன்கள் பிழைத்தன. கற்களில் மெல்ல மெல்லப் பாசி திரும்பியது. கஸ்தூரி அம்மாளின் வாய்க்கும் ஒவ்வொரு சொல்லாகத் திரும்பியது. ஞாயிறுதோறும் மேலே போய், கையைக் கட்டிக்கொண்டு மீன் பார்த்தேன். உண்மையை மட்டும் அந்த அம்மாளிடம் சொல்லவில்லை. ஊரார் ரகசியத்தை மத்தியானத்துக்குள் விநியோகித்துவிடும் எனக்கு, என் ரகசியம் ஒன்றைச் சொல்ல நான்கு வருடம் போதவில்லை.

வியாழன் மாலை, நான்கு பேர் தோளில் லிஃப்ட் மெக்கானிக் படியிறங்கினார். மயானத்திலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு மேலே போனேன். திருவான்மியூரிலிருந்து வந்த எத்திராஜின் தம்பி மனைவி கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். "காலைலேந்து வாயே தொறக்கல" என்றார்.

"கஸ்தூரிம்மா, அன்னிக்கு அவர் கழுவச் சொல்லலை. எதையும் தொடாதேன்னுதான் சொல்லிட்டுப் போனார். நானாத்தான் கழுவினேன்."

அவர் என்னையே பார்த்தார். அழுது வீங்கிய கண்கள்.

"தெ... ரியும்" என்றார். சற்றுப் பொறுத்து, இடது கையைத் தொட்டிப் பக்கம் நீட்டினார். "தண்ணி."

காலையிலிருந்து யாரும் கவனிக்கவில்லை. ஆவியாகித் தண்ணீர் இரண்டு விரல் இறங்கியிருந்தது. உப்பு ஆவியாகாது; குறைந்ததற்குத் தினமும் நல்ல தண்ணீர்தான் விட வேண்டும். பிளீச்சிங் பவுடர் நெடி போக முதல் நாளே பிடித்துவைப்பது எத்திராஜின் வழக்கம். புதன்கிழமை அவர் நிரப்பி, தட்டால் மூடி வைத்த வாளி மூலையில் இருந்தது. குவளையால் மொண்டு, தொட்டியின் ஓரமாக மெல்ல ஊற்றினேன். நீர் விழுகிற இடத்துக்கு இரண்டு மீன்களும் ஏறி வந்தன. கஸ்தூரி அம்மாளின் கண்கள் அவற்றோடு போயின. தம்பி மனைவி நீட்டிய கரண்டிக்கு வாய் லேசாகத் திறந்தது.

போய் வாருங்கள் எத்திராஜ். நீங்கள் பிடித்துவைத்த தண்ணீர் தீர்ந்துவிட்டது. நாளைக்கானதை நான் பிடித்து, மூடி வைத்திருக்கிறேன்.