சத்தம் வராத பொட்டி

போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் ஈஸ்வருக்குத் தரம் பிரிக்கும் வேலை. பதினெட்டு வருட அனுபவம். ஒரு கை காயை அள்ளிக் காதருகே குலுக்கினாலே போதும், எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். அந்தக் காது உலகத்தில் உள்ள எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் என்று அவர் நம்பியதுதான் வீட்டுக்கு வந்த சோதனை.

அவர் மனைவி பவதாரணி தமிழ் எம்.ஏ. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் கற்பிக்கும் நிறுவனம் ஒன்று அவருடைய மாதிரி வகுப்பைப் பார்த்தது. பாடம் நன்றாக இருக்கிறது, ஆனால் பின்னால் மாவு மில் ஓடுகிறதே என்றது. பழைய கம்ப்யூட்டரின் விசிறிதான். ஏழு வாரம் கழித்து இன்னொரு வகுப்பு. அதிலும் சத்தம் வந்தால் வேலை இல்லை.

"நானே புதுசா ஒண்ணு சேத்துக் கட்டித் தர்றேன்" என்றார் ஈஸ்வர்.

வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டார். அதில் குறை சொல்ல முடியாது. போர்டு, மெமரி எல்லாம் ஒரே வாரத்தில் வந்துவிட்டன. அவற்றை வைக்கும் கேபினட்டைத் தேர்ந்தெடுக்கத்தான் ஐந்து வாரம். பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருபத்திரண்டு சென்டிமீட்டர் இடம். அதை மூன்று நாள் அளந்தார். மூன்று நாளும் இருபத்திரண்டாகவே இருந்தது.

தேனியில் காமராஜின் கம்ப்யூட்டர் கடையில், காலிக் கேபினட் ஒன்றைத் தூக்கிக் காதருகே குலுக்கினார்.

"அண்ணே, அது ஏலக்கா இல்ல. என்ன கேக்குறீங்க?" என்றார் காமராஜ்.

"தகடு அதிருதான்னு பாக்குறேன்."

"உங்க கைதான் அதிருது."

"இதுல ஏம்ப்பா இத்தனை ஓட்டை?"

"காத்துப் போகத்தாண்ணே."

"சத்தமும் அது வழியாத்தான வரும்?"

"வெரசா சொல்லுங்கண்ணே, சாப்பிடப் போகணும்."

கடைசியில் எடுத்தது நல்ல கேபினட்தான். அடக்கமானது, தடித்த தகடு, மெதுவாகச் சுற்றும் பெரிய விசிறி. பூட்டி ஓடவிட்டதும் பவதாரணி சொன்னார்: "ஒண்ணுமே கேக்கலையே மாமா."

"உனக்குக் கேக்காது. எனக்குக் கேக்குது."

ஏலக்காயில் காற்றுப் பட்டால் பச்சை வெளுத்துவிடும். அதனால் சாக்குக்குள்ளே பாலித்தீன் உறை போட்டு இறுக்கிக் கட்டுவார்கள். வகுப்புக்கு முந்தின நாள் ஈஸ்வர் அந்த உறையில் ஒன்றைக் கொண்டுவந்து, கேபினட்டின் எல்லா ஓட்டையையும் மூடி டேப் ஒட்டினார். ஒரு சுருக்கம் இல்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

காலை ஏழு மணிக்கு வகுப்பு தொடங்கியது. திரையில் சிகாகோச் சிறுமி ஒருத்தி. பக்கத்துக் கட்டத்தில் மதிப்பெண் போடும் அம்மாள். அறையில் அப்படியொரு அமைதி. ஈஸ்வர் வாசற்படியில் நின்று பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவது நிமிடம் திரை அணைந்தது.

ஓடிவந்து கேபினட்டைத் தொட்டவர் கையை உதறினார்.

"வயரு எங்கயோ லூசா இருக்கும்."

"இதுல இட்லி அவிக்கலாம் போல. தள்ளுங்க மாமா."

பவதாரணி போனில் 'கரண்ட் போய்விட்டது, ஐந்து நிமிடம்' என்று செய்தி அனுப்பினார். போடியில் கரண்ட் போனதென்றால் சிகாகோவிலும் நம்புவார்கள். பிறகு காய்கறிக் கத்தியால் உறையைக் கிழித்தெறிந்து, நாள்காட்டி அட்டையால் விசிறினார். சூடு இறங்கியதும் கம்ப்யூட்டர் உயிர்பெற்றது. மீதி வகுப்பு முழுவதும் எல்லா ஓட்டையும் திறந்தே கிடந்தன.

"இன்றைக்குச் சத்தமே இல்லை. திங்கள்கிழமை சேர்ந்துவிடுங்கள்" என்றார் அந்த அம்மாள்.

ஈஸ்வர் உள்ளே வந்தார். "பாத்தியா, என் செலக்சன்."

"நல்ல பொட்டிதான் மாமா. இனிமே நீங்க கைய வைக்காம இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு, பவதாரணி கத்தியைக் கேபினட்டின் மேலேயே வைத்தார்.