அத்தானின் பாமினிப் பாட்டுகள்

எங்கள் அத்தான் பாட்டு எழுதியது உடுப்பு அலுமாரிக்குள் இருந்து. அழகுக்காகச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். உண்மையாகவே உள்ளுக்குள் இருந்துதான். கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் இருந்த அப்பார்ட்மென்டின் வாசல் கதவைத் திறந்தால், இடது பக்கத்தில் குளிர்கால கோட்டுகள் கொழுவுகிற குளோசெற் ஒன்று இருந்தது. அதற்குள் கிடந்த சப்பாத்துகளை எல்லாம் வெளியே தள்ளிவிட்டு, குட்டி மேசையொன்றும் பழைய கொம்பியூட்டர் ஒன்றும் வைத்து, கோட்டுகளை இரண்டு பக்கமும் ஒதுக்கி, நடுவில் ஒரு முக்காலியில் அத்தான் இருப்பார். கதவைச் சாத்தினால் அவருடைய முதுகு கதவில் முட்டும். சாத்தாவிட்டால் வந்து போகிற நாங்கள் எல்லோரும் அவருடைய முதுகில் முட்டுவோம். ஆகவே சாத்திக்கொண்டுதான் இருந்தார். கதவுக்கு அடியால் நீல வெளிச்சம் கசியும். உள்ளே மேசையில் தாளம் தட்டுகிற சத்தம் கேட்கும். வெளியே வரும்போது தலைமயிரில் கம்பளித் தும்பு ஒட்டியிருக்கும்.

அவர் என் அக்காவின் கணவர். நான் கனடாவுக்கு வந்து இறங்கிய அன்று விமான நிலையத்திலிருந்து என்னை ஏற்றி வந்தது அவர் ஓட்டிய ரக்சிதான். ஒரேயொரு படுக்கையறையில் அத்தானும் அக்காவும் அவர்களுடைய மகளும்; ஹோலில் சோபாவில் நான். யன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்து யன்னல்கள். எலிவேற்றர் பழுதானால் மேலே இருக்கிறவர்கள் மேலேயே, கீழே நிற்கிறவர்கள் கீழேயே. அது பழுதாகாத கிழமையை நான் கண்டதில்லை. பனிக்காலத்தில் சுவர்கள் நாலும் ஒவ்வொரு நாளும் ஒரு அடி கிட்ட வருவது போல இருக்கும். எனக்கு மூச்சு முட்டும், காரணமில்லாமல் எரிந்து விழுவேன். அந்தப் புழுக்கத்துக்குள்ளே ஒரு மனிதர் தானாக விரும்பி இன்னும் சின்னதொரு பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்துகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வரும். அக்காவுக்கு என்னைவிட ஆத்திரம். கதவில் தட்டி, "உள்ளுக்கை என்னப்பா செய்யிறியள்? உந்தப் பாமினியோடையே குடும்பம் நடத்துங்கோ!" என்று கத்துவாள். "பொறுமப்பா, ஒரு வரிதான்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அந்த ஒரு வரி சோறு ஆறும் வரைக்கும் முடியாது.

பாமினி ஒரு பெண் அல்ல, ஒரு தமிழ் எழுத்துரு, அதாவது ஃபொன்ற். எங்கள் ஊர்க்காரர்கள் கொம்பியூட்டரில் தமிழ் அடிக்கத் தொடங்கிய காலத்தில் கலியாணக் காட் முதல் கோயில் நோட்டீஸ் வரைக்கும் அதில்தான் அடித்தார்கள். அத்தானும் ரக்சிக்கு வருமுன்னர் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு அதில் தட்டச்சுச் செய்தவர். விசைப்பலகையைப் பார்க்காமலே அடிப்பார். ஊரில் படித்த காலத்தில் பள்ளிக்கூட பான்டில் ட்ரம்பெட் ஊதியவர் என்பதால் மேற்கத்திய இசைக்குறிகளும் அவருக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து, இசைக்குறி அச்சுக்கோக்கிற மென்பொருள் ஒன்றில், மேலே ஐந்து கோடுகளில் சுரங்களும் கீழே தமிழில் சொற்களுமாகப் பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதினார். கட்டடத்து பார்ட்டி ரூமில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளைச் சேர்த்துப் பாட வைத்தார். எலிவேற்றர் வராததைப் பற்றி ஒரு பாட்டு, ஸ்ட்ரீற்கார் என்கிற ட்ராமில் குடையை மறந்துவிட்டு வந்த மாமாவைப் பற்றி ஒரு பாட்டு. ஊர், வயல், நிலா என்று ஒன்றும் கிடையாது. "அதுகள் காணாததை ஏன் பாட வேணும்?" என்பார். ஒரே ஒரு கட்டளைதான் வைத்திருந்தார். சொற்கள் தமிழ் எழுத்தில்தான் இருக்கும். இங்கிலீஷ் எழுத்தில் எழுதிப் பார்த்துப் பாடக்கூடாது.

அந்தக் கட்டளை முழுக்க யாருக்காக என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவருடைய மகள், என் பெறாமகள், அப்போது கிரேட் சிக்ஸோ செவனோ படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் விளங்கும், சாப்பாட்டு மேசைக்குப் போதுமான அளவு கதைப்பாள், வாசிக்க மாட்டாள். அத்தானுக்கு இங்கிலீஷ் ரக்சி ஓட்டப் போதுமான அளவு வரும். ஆகவே தகப்பனும் மகளும் "சாப்பிட்டியா", "ஓம்", "படிச்சியா", "ஓம்" என்பதோடு நின்றுவிடுவார்கள். மனதில் இருப்பதைச் சொல்ல அவரிடம் இருந்த ஒரே வழி அந்தப் பாட்டுகள்தான். தன்னுடைய எழுத்தை ஒரு நாளைக்கு மகள் தன் கண்ணால் வாசிக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த மனுசன் கோட்டுகளுக்கு நடுவில் வியர்த்துக்கொண்டு இருந்தது.

பிறகு அவளுடைய பள்ளிக்கூடத்தில் ஒரு கச்சேரி வந்தது. அங்கே இசை படிப்பித்த ரீச்சர், வெள்ளைக்காரப் பெண், நல்ல மனது. பிள்ளைகள் பாட, பள்ளிக்கூடத்து வயலின்காரர்கள் வாசிக்கட்டும் என்று அத்தானைக் கேட்டார். ரீச்சரிடமும் அதே மென்பொருள் இருந்தது. அத்தானுக்குக் கால் நிலத்தில் படவில்லை. அதுவரைக்கும் தன் பாட்டுகளைத் தன்னுடைய கொம்பியூட்டரிலிருந்து தன்னுடைய பிரின்டரில்தான் அச்செடுத்துக் கொடுத்திருந்தார். முதல் தடவையாக எலிவேற்றர் பாட்டின் கோப்பை வெளியே அனுப்பினார். ரீச்சர் நல்ல தடித்த தாளில் எல்லோருக்கும் அச்செடுத்து வைத்தார்.

ஒத்திகை நாள் அத்தான் வேலை முடிந்து, என்னையும் வழியில் ஏற்றிக்கொண்டு, பிந்தித்தான் போய்ச் சேர்ந்தார். நாங்கள் உள்ளே நுழையும்போது பாட்டு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "அம்மா, அம்மா, எலிவேற்றர் காணேல்லை" என்று குரல் பிசகாமல் பாடினார்கள். வயலின்கள் கூடவே ஏறி இறங்கின. அத்தான் வாயெல்லாம் பல்லாக ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். சுரங்கள் எல்லாம் சரியாக, அழகாக இருந்தன. 'அம்மா' என்று இருக்க வேண்டிய இடத்தில் mk;kh என்று இருந்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் அப்படியே, இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் காற்புள்ளியுமாக ஒரு குப்பை. தமிழில் ஓர் எழுத்தும் இல்லை.

பாட்டு முடிந்ததும் அத்தான், "உங்களுக்கு ஒருத்தருக்கும் ஒண்டும் வித்தியாசமாத் தெரியேல்லையோ?" என்று கேட்டார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "இல்லை அங்கிள், ஏன்?" என்றான் ஒருவன். ரீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. உங்கள் மொழியை எங்கள் எழுத்தில் எழுதினால் இப்படித்தான் வருமாக்கும் என்று நினைத்தாராம், அரைப்புள்ளி வருகிற இடத்தில் மூச்சு எடுக்கச் சொன்னாராம். அப்போதுதான் இன்னொரு பிள்ளை, "அங்கிள், நாங்கள் அந்த வேர்ட்ஸைப் பாக்கிறேல்லை, எங்கட பழைய ஷீற்றிலை எழுதி வைச்சுப் பாடமாக்கினாங்கள்" என்று, மற்றவர்கள் இடித்தும் கேளாமல், தன் ஃபோல்டரைத் திறந்து காட்டியது. அத்தான் தமிழில் அச்செடுத்துக் கொடுத்த பழைய தாள். ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் கீழே மெல்லிய பென்சிலால் இங்கிலீஷ் எழுத்து. அத்தான் வேறு யாரையும் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்தார். அவள் குனிந்து சப்பாத்து நூலைக் கட்டத் தொடங்கினாள். அது முன்னமே கட்டித்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் குளோசெற் கதவைத் திறந்து, "பிள்ளை, நீர் அச்சகத்திலை வேலை செய்யிறனீர். உது என்னண்டு எனக்கு விளங்கப்படுத்தும்" என்றார். நான் அப்போது ஒரு அச்சகத்தில் கோப்புகளைச் சரிபார்க்கிற வேலையில் இருந்தேன். கோப்புகளுக்கு வருகிற இந்த வருத்தத்தைத் தினமும் காண்கிறவள். கோட்டுகளுக்குள் நெருக்கிக்கொண்டு நின்று சொன்னேன். அத்தான், கோப்புக்குள் எழுத்துரு இல்லை, அதனுடைய பெயர் மட்டும்தான் இருக்கிறது. திறக்கிற கொம்பியூட்டரிலும் அந்த எழுத்துரு இருந்தால் அது வரும், இல்லாவிட்டால் கொம்பியூட்டர் தன்னிடம் இருக்கிற வேறொன்றைப் போட்டுவிடும். அதோடு பாமினியில் நீங்கள் 'அ' அடிக்கும்போது உண்மையில் அடிபடுவது இங்கிலீஷ் 'எம்'. அந்த எம்மை 'அ' மாதிரிக் கீறிக் காட்டுவதுதான் பாமினி செய்கிற வேலை. ரீச்சரிடம் பாமினி இல்லை. அதனால் உள்ளதே வெளியே வந்தது.

"அப்ப நான் இவ்வளவு காலமும் தமிழிலை எழுதேல்லையோ?" என்றார். அவர் நம்பவில்லை என்று நினைத்து, கெட்டித்தனம் காட்ட வெளிக்கிட்டேன். சுரங்களும் அப்படித்தான் அத்தான், இந்தப் பழைய மென்பொருளில் அதுவும் ஒரு எழுத்துருதான் என்று சொல்லி, இசைக்குறிக்கான எழுத்துருவை எடுத்துவிட்டுச் சாதாரண எழுத்துருவைப் போட்டுக் காட்டினேன். வரியின் தொடக்கத்தில் வளைந்து நெளிந்து நின்ற பெரிய இசைக்குறி, கடைப் பெயர்ப்பலகைகளில் 'அன்ட்' என்பதற்குப் போடுகிற & ஆக மாறியது. சுரங்களும் ஏதேதோ எழுத்துகளாகிக் கோடுகளில் தொங்கின. "மாத்தும், மாத்தும்! பாக்கேலாது!" என்று கையால் திரையை மறைத்தார். மாற்றினேன். கையை எடுத்துவிட்டு, "இந்த மெசினுக்குப் பாட்டும் தெரியாது, தமிழும் தெரியாது. எங்கட பிள்ளையளைப் போலத்தான்" என்றார். அறைக் கதவு திறந்திருந்தது. மகள் கட்டிலில்தான் இருந்தாள், கேட்டிருப்பாள்.

கச்சேரிக்கு அத்தானே அச்செடுத்துக் கொடுத்தார். நல்ல கைதட்டல். அதன் பிறகு பார்ட்டி ரூம் சனிக்கிழமைகள் ஒவ்வொன்றாகக் கழன்று நின்றுபோயின. ஆனால் குளோசெற் நிற்கவில்லை. யூனிகோட் வந்தது; அதில் தமிழ் தமிழாகவே இருக்கும், மாற்றித் தருகிறேன் என்று கெஞ்சினேன். அந்தப் பழைய மென்பொருளுக்கு யூனிகோட் தெரியாது. புது மென்பொருள் அந்தப் பழைய கொம்பியூட்டரில் ஓடாது. கொம்பியூட்டரை மாற்றினால் பிரின்டர் வேலை செய்யாது. எல்லாவற்றையும் மாற்றினாலும் அவருடைய விரல்கள் பாமினியைத் தவிர வேறொன்றுக்கும் போகாது. ஒன்றை அசைத்தால் மற்றது விழும். "வாசிக்க ஆளில்லாத எழுத்து எந்த ஃபொன்ற்றிலை இருந்தால் என்ன, விடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்துவார். எங்களுக்கு ஒரு பாட்டையும் பிறகு காட்டவுமில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கொம்பியூட்டரைத் தூக்கி பல்கனியால் எறிந்திருப்பேன். மனுசன் உள்ளே, நாங்கள் வெளியே, நடுவில் ஒரு பலகைக் கதவு. அப்படியே வருடங்கள் ஓடிப்போயின.

போன குளிர்காலத்தில் நெஞ்சுவலி வந்து அத்தான் போய்விட்டார். அக்கா இப்போது நகரத்துக்கு வெளியே யூனியன்வில்லில் மகளோடு இருக்கிறாள். பெரிய வீடு, பேரப்பிள்ளைகளின் சத்தம், யாரும் யாரிலும் முட்டாத அளவுக்கு இடம். பழைய கொம்பியூட்டர் உயிர் விட்டுவிட்டது. பெறாமகள் யாரிடமோ கொடுத்து உள்ளிருந்த கோப்புகளை மட்டும் மீட்டெடுத்தாள். சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அவற்றைத் தன்னுடைய லாப்டொப்பில், புது மென்பொருளில் திறந்து காட்டினாள். சுரங்கள் பளிச்சென்று வந்தன. சொற்கள் பழையபடி குப்பையாக வந்தன. கடைசிக் கோப்பு நாங்கள் ஒருவரும் கேள்விப்படாத பாட்டு, பாதியில் நிற்கிறது. "தா பிள்ளை, நான் யூனிகோடுக்கு மாத்தித் தாறன். அம்மா உனக்கு வாசிச்சுக் காட்டுவா" என்றேன்.

"வேண்டாம் சித்தி. நான் வாசிப்பன்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள் திரையில் ஒரு வரியைக் காட்டினாள். gdp tul;Lk; என்று இருந்தது. "பனி வரட்டும்" என்றாள், சர்வசாதாரணமாக. நான் வாயைப் பிளந்தேன். அந்த ஒத்திகைத் தாளை அவள் எறியவில்லையாம். எலிவேற்றர் பாட்டு மனப்பாடம் என்றபடியால், எந்தச் சத்தத்துக்கு எந்த எழுத்து என்று ஒன்றொன்றாகப் பொருத்திப் பார்த்தாளாம். பிறகு தகப்பன் வேலைக்குப் போன நேரங்களில் குளோசெற்றுக்குள் போய், மற்றப் பாட்டுகளைத் திறந்து, பாமினியை எடுத்துவிட்டு, வருகிற இங்கிலீஷ் எழுத்துகளை வாசித்து வாசித்துப் பழகினாளாம். "தமிழ் எழுத்து இப்பவும் எனக்குச் சரியா வாசிக்க வராது, சித்தி. இது வரும். ஐ நோ, இட்ஸ் வியர்ட்."

"அடி விசரி, அப்பாவுக்குச் சொன்னியா?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். "தமிழை இங்கிலீஷ் எழுத்திலை வாசிக்கிறன் எண்டு அப்பாட்டை எப்பிடிச் சொல்றது? சரியாப் பழகிப்போட்டுச் சொல்லுவம் எண்டு இருந்தனான்."

வாசிக்க ஆளில்லை என்று அந்த மனுசன் கதவைச் சாத்திக்கொண்டு இருந்த அத்தனை வருடமும், வாசிக்கிற ஆள் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறது. அத்தான், அத்தான், ஒரு தரமாவது கதவைத் திறந்து பார்த்திருக்கக்கூடாதா?

ஹோலில் பிள்ளைகள் தொலைக்காட்சியை அலறவிட்டிருந்தார்கள். பெறாமகள் லாப்டொப்பைத் தூக்கிக்கொண்டு எழும்பி, வாசலடியில் இருந்த குளோசெற்றைத் திறந்து, கோட்டுகளை இரண்டு பக்கமும் ஒதுக்கி, கீழே கிடந்த சப்பாத்துகளின் மேலேயே இருந்தாள். அக்காவும் நானும் வெளியே நின்றோம். அது கோட்டுகள் பாடுகிற பாட்டு. கோடை முழுக்க இருட்டுக்குள் தொங்கிக்கொண்டு, பனி வரட்டும், பனி வரட்டும், யாராவது வந்து கதவைத் திறக்கட்டும் என்று கோட்டுகள் பாடுகின்றன. அவள் முதலில் எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தாள். பிறகு சுரத்தோடு பாடத் தொடங்கினாள். கதவைச் சாத்த அவள் கையை நீட்டியபோது அக்கா காலை இடையில் வைத்துத் தடுத்துவிட்டு, "திறந்திருக்கட்டும், நீ பாடு" என்றாள்.