களத்து மாடுகள் போன வழி

தமிழன்னையாக ஒரு மாலைப்பொழுது வீற்றிருக்கும் பேறு எனக்கு ஒன்பதாம் வயதில் வாய்த்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, நடவுக்கும் அறுப்புக்கும் போய், பின்னர் நாளேடுகளை எழுத்துக் கூட்டிப் படித்துத் தமிழ் கற்றவள் நான். ஆகையால் எழுத்தில் குறை கண்டால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

புதிய ஆட்சி அமைந்த பிறகு வந்த முதல் பொங்கல் அது. தமிழர் யாவரும் ஓரினம் என்பதை ஊரறியச் செய்ய ஓர் ஊர்வலம் நடத்துவதென்று முடிவாயிற்று. அதற்கு எவரெவர் என்னென்ன கொடுத்தனர் என்று இப்போது எண்ணுகையில் எனக்குப் புன்னகை வருகிறது. கும்பகோணத்தில் கல்லூரியில் படித்த மிராசுதாரின் இளைய மகன் பேச்சைக் கொடுத்தார். ஜவுளிக்கடைக்காரர் தோரணத்துக்குத் துணி கொடுத்தார். பள்ளி ஆசிரியர் பாட்டையும் தமது நாற்காலியையும் கொடுத்தார். மிராசுதாரோ பழைய கட்சிக்காரர். எனினும் காற்றடிக்கும் திசையை அறிந்தவராதலால் தமது வண்டியையும் மாடுகளையும் கொடுத்தார். கூட்டத்தை எங்கள் தெரு கொடுத்தது. அவருடைய நிலத்தில் கூலிக்கு உழைத்த எங்களிடம் கொடுப்பதற்கு வேறொன்றும் இருக்கவில்லை.

"உழைக்கிற வீட்டுப் பொண்ணுதான் தமிழன்னையா உக்காரணும்" என்று இளையவர் சொல்லிவிட்டார். உரக்கப் பாடக்கூடியவள் என்பதால் நான் தேர்வானேன். மிராசுதார் வீட்டு ஆண்களை ஆண்டை என்றழைப்பது எங்கள் தெரு வழக்கம். இளையவருக்கு அது பிடிக்காது. "ஆண்டை கீண்டையெல்லாம் வேண்டாம். அண்ணன்னு கூப்பிடுங்க" என்பார். "சரிங்க ஆண்டே" என்போம்.

அவ்வாண்டு அறுப்பில் என் தாயாரின் பாதத்தில் அரிவாள் ஆழமாகப் பாய்ந்திருந்தது. காலை ஊன்ற இயலாமல் வீட்டோடு கிடந்தார். மகள் கிரீடம் வைத்திருப்பதை ஒருமுறை கண்ணாரக் காண வேண்டும் என்பது ஒன்றே அவரது ஆசை. ஊர்வலமோ கோயில் தெரு, கடைத்தெரு, ரயிலடி என்று செல்வதாக ஏற்பாடு. தமிழன்னையை எங்கள் தெருவிலிருந்து எடுத்துக்கொண்டவர்கள், எங்கள் தெருவுக்குள் வருவதாக இல்லை. பாதை குறுகல் என்று காரணம் சொன்னார்கள். சொல்லாத காரணம் தெருமுனையில் நின்றது. அறுப்புக் கூலியில் ஒரு மரக்கால் நெல் கூட்டித் தரவேண்டுமென்று எங்களவர்கள் நட்டிருந்த செங்கொடி அது. அதைக் கடந்து மிராசுதாரின் மகன் உள்ளே வருவது எவருக்கும் உசிதமாகத் தோன்றவில்லை.

வண்டி ஓட்டியவர் என் தாய்மாமா, மிராசுதாரின் பண்ணையாள்.

"புள்ளைய ஒருதரம் இந்தப் பக்கம் கொண்டாந்து காட்டேண்ணே" என்று அம்மா கெஞ்சினார்.

"ஆண்டை வண்டிடி இது. என் இஷ்டத்துக்கு ஓட்டுனா நாளைக்கே நிறுத்திப்புடுவாங்க" என்று மாமா துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தங்கக் காகிதம் ஒட்டிய அட்டைக் கிரீடம், கையில் ஓர் ஓலை. ஆசிரியரின் நாற்காலியை வண்டியில் கயிற்றால் கட்டி என்னை அமர்த்தினார்கள். பறை முழங்க வண்டி புறப்பட்டது. வாய்க்கால் மதகடியில் பாதை பிரியும். இடப்பக்கம் கடைத்தெரு. வலப்பக்கம் எங்கள் தெரு, அதற்கப்பால் நெற்களம். அங்கே வந்ததும் மாடுகள் வலப்பக்கம் திரும்பின.

"ஏய்! இந்தப் பக்கம்டா! எங்கடா போறீங்க?" என்று மாமா எழுந்து நின்று கத்தினார். வலது கையிலிருந்த கயிறு அறுந்துவிடும்போல் விறைத்திருந்ததை அருகிலிருந்து கண்டேன். இவ்வளவு பாடுபடுகிறாரே என்று இரக்கமாக இருந்தது.

"நிறுத்துய்யா வண்டிய!" என்று ஆசிரியர் ஓடிவந்தார்.

"களத்து மாடுங்க சார்! அறுப்பு தொடங்குனதுலேருந்து தெனம் போற வழி. அடங்க மாட்டேங்குது!"

பறையடித்தவர்கள் எங்கள் தெருக்காரர்கள். அவர்கள் வண்டியின் பின்னாலேயே வந்தார்கள். "தமிழன்னைக்கு ஊட்டு ஞாபகம் வந்துட்டுடோய்!" என்று எவரோ கூவ, கூட்டம் சிரித்துக்கொண்டே தொடர்ந்தது. ஜவுளிக்கடைக்காரர் மதகோடு நின்றுவிட்டார். இளையவர் செங்கொடியின் அருகே நின்று அதை அண்ணாந்து பார்த்தார். பிறகு தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே நடந்து வந்தார்.

களத்துக்குப் போக அடம்பிடித்த மாடுகள் எங்கள் வீட்டு வாசலில் சாதுவாக நின்றன. ஏன் என்று எவரும் கேட்கவில்லை.

அம்மா நிலைப்படியைப் பற்றிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். நெடுநேரம் என்னைப் பார்த்தார். "கிரீடம் சாயுது பாரு. நிமுந்து உக்காரு" என்றார். அவ்வளவே. அப்போது இளையவர் வியர்வையோடு வாசலுக்கு வந்தார். அம்மா சொம்பை எடுத்து நீட்டி, "தண்ணி குடிங்க தம்பி" என்றவர், சொல்லிவிட்டதை உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். பறை நின்றது. இளையவர் அண்ணாந்து முழுவதையும் குடித்தார்.

"இன்னுங் கொஞ்சம் குடுங்கக்கா" என்றார்.

பின்னர் ஒலிபெருக்கி இல்லாமல் ஏதோ பேசினார். பேச்சு நினைவில் இல்லை. அந்தச் சொம்பு இருக்கிறது.

"மாட்ட அடக்கத் தெரியாதவனுக்கு வண்டி எதுக்கு?" என்று மறுநாள் மிராசுதார் மாமாவை வண்டியிலிருந்து நீக்கி வயல்வேலைக்கு அனுப்பினார். மாமா அதைப் பற்றி வருந்திப் பேசி நான் கேட்டதில்லை. கேட்ட மரக்கால் நெல் அவ்வாண்டு கிடைக்கவில்லை. அதற்குப் பல அறுப்புகளும் பல அடிதடிகளும் ஆயின. ஆனால் கோடையில் இளையவர் எங்கள் தெருவில் கீற்றுக்கொட்டகை போட்டு ஒரு படிப்பகம் திறந்தார். இவ்வரிகளை எழுதும் எழுத்து எனக்கு அங்கே கிடைத்தது. அவருக்கு என் நன்றி உரியது. துணி கொடுத்து மதகோடு நின்றவருக்கும் உரியதே.

திருமணமாகிப் பல்லாண்டுகள் சென்றபின், கணவர் காய்ச்சலில் கிடந்ததால் வைக்கோல் வண்டியை முதன்முறையாக நானே ஓட்டிச் சென்றேன். அதே மதகடி. களத்துக்குத் திரும்ப வேண்டி வலது கயிற்றை இழுத்துப் பிடித்தேன். அன்று மாமாவின் வலது கையில் கண்டதுபோலவே கயிறு விறைத்தது. மாடுகள் வலப்பக்கம் திரும்பின.

வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

"என்னாக்கா, மாடு அடங்கலியா?" என்று பின்வண்டிக்காரர் குரல் கொடுத்தார்.

"நல்லாவே அடங்குது தம்பி" என்றேன்.